நார்வேயில் மிளகுக்கொடி

நேற்று ராசம்மாவின் கடைசி மகனுக்குக் கல்யாணம். கரண்ட்டை நம்ப முடியாது என்று சமையல் பந்தலுக்குப் பின்னால் ஜெனரேட்டர் வைத்திருந்தார்கள். அது உறுமத் தொடங்கியதும் டீசல் புகையும், பெரிய சட்டியில் வதங்கிக்கொண்டிருந்த வெங்காயத்தின் வாசனையும் ஒன்றாகக் கலந்து என் மூக்கில் ஏறின. கையிலிருந்த காப்பியைக் குடிக்காமலே கீழே வைத்துவிட்டேன். கப்பல் சமையல்கட்டின் வாசனை அதுதான். இந்த வாசனையை உனக்குச் சொல்ல எத்தனையோ முறை முயன்றிருக்கிறேன், சரியாக வார்த்தை வந்ததில்லை. நேற்று நீ பக்கத்தில் இருந்திருந்தால், "இதுதான் புள்ள, இந்த நாத்தத்துக்குள்ளதான் நான் ஒலகம் சுத்துனேன்" என்று உன் தலையைத் திருப்பிக் காட்டியிருப்பேன்.

பந்தியில் எனக்கு அடுத்து உட்கார்ந்தவர் பெண் வீட்டு உறவு, ஆத்தூர்ப் பக்கம். "நீங்க பல நாடு பாத்தவருங்களாமே, ஒண்ணு ரெண்டு சொல்லுங்களேன், கேப்போம்" என்றார். எனக்கு அலுப்பாக வந்தது. இந்தக் கேள்வியைக் கேட்டால் அலுப்பு வருவது எனக்குப் புதிதா என்ன? "வெங்காயம் பாத்தேனுங்க" என்றேன். அவர் நான் வேடிக்கை பேசுவதாக நினைத்துச் சிரித்து, இலையில் இருந்த வடையை எடுத்துக் கடித்தார்.

வேடிக்கை இல்லை என்று உனக்குத் தெரியும். கப்பல் துறைமுகத்தில் நிற்கும் நேரம்தான் சமையல்காரனுக்குச் சாமான் வாங்கி ஏற்றும் நேரம். மற்றவர்கள் தலையை வாரிக்கொண்டு ஊர் பார்க்கப் போவார்கள். நான் துறையிலேயே நின்று வெங்காய மூட்டையை அமுக்கிப் பார்த்துக்கொண்டிருப்பேன். எகிப்து வெங்காயம் கருஞ்சிவப்பு, உரித்தால் கண்ணைப் பிடுங்கும். ஜப்பானில் கோபே துறையில் வாங்கியது பழம் மாதிரி இனித்தது, அதில் குழம்பு வைத்துவிட்டு நான் வாங்கிய திட்டு கொஞ்சமல்ல. ஹாலந்தில் எல்லாம் ஒரே அளவாக இருக்கும். மொம்பாசாவில் மண்ணோடு கோணியில் வந்து இறங்கும், பாதிக்குப் பாதி அழுகல். சமையல்கட்டின் வட்டக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் எல்லா நாட்டிலும் கிரேனும் கிட்டங்கியும்தான் தெரியும். அதைப் பார்த்துவிட்டு அரிசியைக் களைய உட்கார்ந்துவிடுவேன்.

பிரேசிலில் சாந்தோஸ் துறையில் ஒரே ஒரு முறை கரண்டியைப் போட்டுவிட்டு மேலே ஓடினேன். காப்பி மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பச்சைக் கொட்டை வாசனை, நம் எஸ்டேட் களத்து வாசனை அப்படியே வந்தது. ஒரு மூட்டையின் கிழிசலுக்குள் விரலை விட்டு நாலு கொட்டை எடுத்துச் சட்டைப்பையில் போட்டு, பல கடல் தாண்டி உனக்குக் கொண்டுவந்தேன். நீ அதை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தாய்.

"நம்ம களத்துல சொத்தைன்னு பொறுக்கிப் போடுவமே, அது மாதிரி இருக்குதுங்க. இதுக்கா அத்தன தூரம் போனீங்க?"

அப்படித்தான் உன் வாய். லீவில் வந்த என்னை இரண்டாம் நாளிலிருந்தே பிடித்துக்கொள்வாய். அந்த ஊரில் பெண்கள் தலைக்கு என்ன வைப்பார்கள், மலை உண்டா, காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கும், பூ மழை சரியாகப் பெய்யுமா என்று கேட்டுக்கொண்டே இருப்பாய். காப்பி பூப்பதற்கு முன்னால் வருகிற மழை அந்த நாடுகளில் எதற்கு என்று நான் கேட்டால், "மழ எங்கியும் வேணுந்தானுங்களே" என்பாய். எனக்கோ கண்ணை மூடினால் போதும் என்றிருக்கும். "ம்" என்பேன். "தெரியல புள்ள" என்பேன். நீ ஒருநாள் முறத்தைத் தரையில் வைத்துவிட்டுச் சொன்னாய்:

"ஏனுங்க, உங்களுக்குப் பதுலா ஒரு ஆட்ட அனுப்பியிருந்தாலும் அது நாலு ஊரு புல்லு மேஞ்சுட்டு வந்து நல்லா இருக்குதா இல்லியான்னு கத்தியாச்சும் காட்டியிருக்கும்."

எஸ்டேட் லயத்து வரிசை வீடுகள் முழுக்க அன்று சிரித்தன. பக்கத்து வீட்டு ராசம்மாவுக்குச் சிரித்துச் சிரித்து விக்கலே வந்துவிட்டது.

ஆனால் என்னிடம் கறந்த அந்த அரைகுறைப் பேச்சை வைத்துக்கொண்டு நீ செய்த காரியம் எனக்கு வெகு நாள் தெரியாது. பறிப்புக் காலத்தில் பெண்கள் காப்பிச் செடிகளுக்குள் வரிசை பிரித்து நிற்பார்கள். ஆள் உயரச் செடி, ஒருத்தியை ஒருத்தி பார்க்க முடியாது, குரல் மட்டும்தான் கேட்கும். அங்கே நீ என் நாடுகளைச் சொல்லியிருக்கிறாய். நான் "ம்" என்றதையெல்லாம் நீ கதையாக்கியிருக்கிறாய். பேச்சு நடக்கும் இடத்தில் கை நிற்பதில்லை என்று மேஸ்திரி கண்டுகொண்டார். எல்லாருக்கும் கேட்கட்டும் என்று உன்னை நடு வரிசையில் நிறுத்தினாராம். நம் எஸ்டேட் இருக்கும் தலைச்சோலைப் பக்கத்தில் எழுதப் படிக்கத் தெரியாத கிழவிகளுக்கெல்லாம் கோபே எங்கே இருக்கிறது என்று தெரிந்திருந்தது.

பிறகு அந்த வருடம் வந்தது. அந்தத் துறைமுகத்தின் பெயரை எழுத இன்றும் எனக்குக் கை வரவில்லை. வெயில் காயும் ஒரு பாலைக் கரை, அவ்வளவு போதும். சரக்கை இறக்கிவிட்டு நின்றோம். கப்பலின் முதலாளி கம்பெனி நொடித்துப் போய், ஆள் எங்கே என்றே தெரியாமல் மறைந்துவிட்டான். கப்பலைக் கரைக்கு வெளியே நங்கூரம் போட்டு நிறுத்திவிட்டார்கள். இறங்க அனுமதி இல்லை, சம்பளம் இல்லை, போகச் சொல்லவும் ஆள் இல்லை. டீசலை மிச்சம் பிடிக்க ஜெனரேட்டரைக் கொஞ்ச நேரம்தான் ஓட்டுவோம், அந்த நேரத்துக்குள் நான் சமைத்தாக வேண்டும். அரிசியில் புழு வைத்தது. வெங்காயம் தீர்ந்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது, வேறு எதற்கும் அழாதவன். தண்ணீர்ப் படகுக்காரனிடம் உனக்கு எழுதிய காகிதங்களைக் கொடுத்தனுப்புவேன். அவன் தலையாட்டி வாங்கிக்கொள்வான். ஒன்றும் உன்னிடம் வந்து சேரவில்லை.

கரை எதிரிலேயே தெரிந்தது. ராத்திரியானால் விளக்குகள், விடிந்தால் ஒரு மசூதிக் கோபுரம். முதலில் கொஞ்ச நாள் மேல்தளத்தில் நடந்துகொண்டிருந்தேன். பிறகு நடப்பதையும் விட்டுவிட்டேன். உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருந்தேன். கால் வீங்கிப் போனது. உலகம் சுற்றியவன் என்று பெயர் வாங்கிய நான் ஒரு வருடம் முழுக்க ஒரே தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இங்கே உன் பாடு எப்படி இருந்தது என்பதை நான் துண்டுதுண்டாகத்தான் தெரிந்துகொண்டேன், அதுவும் உன்னைவிட மற்றவர்கள் சொல்லி. காகிதம் நின்றதும் பேச்சு கிளம்பிவிட்டது. அவனுக்கு அங்கே ஒரு குடும்பம் இருக்கிறது என்றார்கள். கடத்தலில் மாட்டி ஜெயிலில் கிடக்கிறான் என்றார்கள். உன் அண்ணன் வெள்ளக்கடையிலிருந்து வந்தார். அங்கே ஒரு எஸ்டேட்டில் ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தவர், கோபக்காரர், ஆனால் உன்மேல் உயிர். "வாற பறிப்பு முடியட்டும் அம்மிணி. அதுக்குள்ள தகவல் வல்லீன்னா நீயும் பாப்பாவும் எங்கூட வந்தரோணும். இப்புடி ஆரோ எவனோன்னு உன்ன உட்டுவெக்க என்னால முடியாது" என்று சொல்லிவிட்டுப் போனார். உனக்கு வேறு இடம் பார்க்கும் எண்ணமும் அவரிடம் இருந்தது. அவர் வீட்டுக்குப் போய்விட்டால் நான் இல்லாதவனாகிவிடுவேன் என்று உனக்குத் தெரிந்திருந்தது.

அதற்குப் பிறகு மாதம் ஒருமுறை நீ பஸ் ஏறிச் சேலம் போய் வந்தாயாம். அங்கே எனக்குத் தெரிந்த கப்பல்காரர் ஒருவர் இருக்கிறார், அவருக்குத் தகவல் வருகிறது என்று சொல்லிக்கொண்டாய். திரும்பி வரும்போதெல்லாம் ஒரு நாட்டோடு வந்தாய். உன் பேச்சில் நான் நார்வே போனேன். பனியில் நடந்து வலது கால் கட்டைவிரல் மரத்துப்போய், ஒரு கிழவி வெந்நீர் வைத்து ஊற்றினாள். பெரு நாட்டுக்குப் போனேன். ஆட்டுக்கும் ஒட்டகத்துக்கும் நடுவில் ஒரு பிராணி, கழுத்து நீண்டது, அது என் சட்டையைத் தின்றுவிட்டது. நியூசிலாந்து போனேன். நாடுகளின் பெயரெல்லாம் நம் பாப்பாவின் பூகோளப் புத்தகத்திலிருந்து எடுத்தவை. அவள் படிக்க, நீ அரிசி புடைத்துக்கொண்டே கேட்டு வைத்துக்கொண்டவை.

கடைசியில் யாரோ புண்ணியவான்கள் தலையிட்டு எங்களைக் கரை இறக்கி, பம்பாய்க்கு அனுப்பிவைத்தார்கள். பம்பாயில் இறங்கியபோது என்னிடம் ஒரு பையும், இரவல் சட்டையும், ரப்பர் செருப்பும் இருந்தன. ரயிலில் சேலம் வந்து, மலைபஸ் ஏறி, ஏற்காட்டில் இறங்கி வேறு பஸ் மாறினேன். அந்த பஸ்ஸில் மண்ணெண்ணெய் டின்னோடு ராசம்மா ஏறினாள். என்னைப் பார்த்தவள் டின்னைக் காலிலேயே போட்டுக்கொண்டாள்.

"அண்ணா! ஐயோ, நம்ம அண்ணாவேதானுங்களா!"

அழுதாள். அழுது முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ஒரு மாதிரி அவசரத்தோடு கேட்டாள்:

"கால் வெரலு செரியாயிடுச்சுங்களா?"

"எந்த வெரலு?"

"நார்வேல பனியில மரத்துப்போச்சே, வலது கால் கட்டை வெரலு. ஒரு கெழவி வெந்நி வெச்சு ஊத்துச்சே."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவள் விடவில்லை. "பெரு நாட்டுல கழுத்து நீட்டு ஆடு சட்டயத் தின்னுச்சே, அது உங்க நீலச் சட்டைதானுங்களே? நியூசிலாந்துல மழ நல்லாப் பேஞ்சுதுன்னு சொன்னாங்களே?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். கேள்வியிலேயே பதிலும் இருந்தது. இறங்கும் இடம் வந்ததும், "உங்க மச்சான் வந்து ஊட்டுல குந்தியிருக்காருங்கண்ணா. நேத்தோட பறிப்பு முடிஞ்சுது" என்றாள். என் பெயரில் இங்கே ஏதோ நடந்திருக்கிறது என்ற அளவுக்கு மட்டும் புரிந்தது. மேலே யோசிக்க உடம்பில் தெம்பு இல்லை.

நம் வாசலில் தகரப்பெட்டி கயிறு கட்டித் தயாராக இருந்தது. உன் அண்ணன் நாற்காலியில் இருந்தார். நீ கதவோரம் நின்றாய். ஓடி வருவாய் என்று பார்த்தேன், வரவில்லை. என் முகத்தைப் பார்க்கும் முன்பு என் கால்களைப் பார்த்தாய். பிறகு உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாய். அதில் பாதி என் சட்டையில் கொட்டியது. பாப்பா உன் சேலையைப் பிடித்துக்கொண்டு, வந்திருப்பது அப்பாதானா என்று பார்த்தாள்.

"வாங்க மாப்ள" என்று உன் அண்ணன் எழுந்து நின்றார். "மொதல்ல சாப்புடுங்க. பேச்சு அப்பறம்." என்ன கோபம் இருந்தாலும் முறை தவறாத மனிதர். வாசலை அடைத்துக்கொண்டு லயத்துப் பெண்கள் அத்தனை பேரும் நின்றார்கள். நான் கை கழுவியதும் அவர் தொண்டையைச் செருமினார்.

"கேக்கறனேன்னு கோவிச்சுக்காதீங்க மாப்ள. ஒரு வருசமா எந்தங்கச்சி சொல்லீட்டு இருக்கறா, நீங்க நார்வே போனீங்க, பெரு போனீங்கன்னு. சேலத்துல ஆரோ கப்பல்காரரு தகவல் குடுக்கறாராம். நான் சேலம் பூரா விசாரிச்சுப்போட்டேன், அப்புடி ஒரு ஆளே இல்லீங்க. நீங்களே சொல்லிப்போடுங்க. அங்கெல்லாம் போனீங்களா, இல்லீங்களா?"

நீ தலையைக் குனிந்துகொண்டாய். எனக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது, பஸ்ஸில் ராசம்மா கேட்டதும் சேர்த்து. உண்மையைச் சொன்னால் நான் தப்பித்துக்கொள்வேன், நீ ஊரையே ஏமாற்றியவளாகிவிடுவாய், அதுவும் உன் கூட நின்று பறித்த அத்தனை பெண்களுக்கு முன்னால். நீ சொன்னதையே சொன்னால் உன் பேச்சு நிற்கும். நான்தான் பெண்டாட்டி பிள்ளையை மறந்து ஊர் சுற்றிய ஆளாக நிற்பேன். யோசிக்க நேரம் கொடுக்கிற முகம் இல்லை உன் அண்ணன் முகம். சரி, என் பெயர் போனால் போகட்டும் என்று பட்டது.

"போனேனுங்க மச்சான்" என்றேன். "நார்வேல கால் வெரலு மரத்துப்போச்சு. வலது காலு."

வாசலில் ராசம்மா மூச்சு விடுவது கேட்டது. உன் அண்ணன் பெட்டிப் பக்கம் நகர்ந்தார். அவர் குரல் உயரவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"அப்ப ஒலகம் சுத்தறதுக்குக் காலு இருந்துச்சு, ஒரு கார்டு போடறதுக்குக் கையில்லாம போச்சுங்களா மாப்ள? இவ இங்க எப்புடிக் கெடந்தான்னு தெரியுமா உங்களுக்கு? அம்மிணி, பெட்டிய எடு. பாப்பாவக் கூட்டிக்க. போலாம்."

அவர் பெட்டியில் கை வைத்துவிட்டார். உன் பேச்சைக் காப்பாற்றுகிறேன் என்று நான் உன்னையே அனுப்பிவைக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. நான் வாயைத் திறப்பதற்குள் நீ பேசினாய்.

"அண்ணா, பெட்டிய உடுங்க. அவரு பொய் சொல்றாரு."

"என்ன?"

"நார்வேயும் இல்ல, பெருவும் இல்ல, சேலத்துல கப்பல்காரரும் இல்ல. எல்லாம் நான் கட்டி உட்டது. மாசாமாசம் சேலம் பஸ் ஸ்டாண்டுல போயிக் குந்தி, போற வாற பஸ்ஸப் பாத்துட்டு வந்தேன். இவரு எங்க இருந்தாரு, என்ன பண்ணுனாரு, உசுரோட இருந்தாரான்னுகூட எனக்குத் தெரியாதுங்கண்ணா. இப்ப எனக்கோசரம் பொய் சொல்றாரு. அந்தக் காலப் பாருங்க. ஊரு சுத்துன காலா அது? ஒரு எடத்துல குந்தியிருந்து வீங்கிப்போன காலுண்ணா அது!"

சொல்லி முடித்ததும் உன் உதடு கோணிக்கொண்டது. ஆனாலும் அழவில்லை. நான் அப்புறம்தான் வாய் திறந்தேன். கப்பல், நங்கூரம், தண்ணீர்ப் படகு, எல்லாவற்றையும் சொன்னேன், சுருக்கமாகத்தான். உன் அண்ணன் என்னைப் பார்த்தார், என் காலைப் பார்த்தார், பிறகு உன் பக்கம் திரும்பினார். அவருக்கு யார்மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை.

"அப்ப இத்தன சனத்தையும் ஒரு வருசமா ஏமாத்திப்போட்டியா நீ?"

ராசம்மா வாசலைத் தாண்டி உள்ளே வந்துவிட்டாள்.

"ஆர ஏமாத்துனாளுங்க? எங்களையா? நார்வேல சில்வர் ஓக் மரத்துல மொளகுக்கொடி ஏத்தியிருக்குதுன்னு சொன்னாளே, அன்னிக்கே எங்களுக்குத் தெரியுமுங்க. முட்டங்கால் பனியில எங்கீங்க மொளகு மொளைக்கும்? பெருவுல பொழுதோட காட்டெருமை லயத்துக்குள்ள வந்துச்சாம். நியூசிலாந்துல நம்ம மேஸ்திரியாட்டமே ஒருத்தன் விசிலு ஊதுறானாம். இவ சொன்ன நாடு பூரா இந்தத் தலைச்சோலைதானுங்க!"

யாரோ சிரித்தார்கள். ஒருத்தி மூக்கைச் சிந்தினாள்.

"தெரிஞ்சு எதுக்குக் கேட்டுட்டு இருந்தீங்க?" என்றார் உன் அண்ணன்.

"கேக்காம உட்டிருந்தா அவ சொல்றத நிறுத்தியிருப்பா. நிறுத்தியிருந்தா நீங்க அன்னிக்கே கூட்டிட்டுப் போயிருப்பீங்க" என்றாள் ராசம்மா. "இவர பஸ்ஸுல பாத்ததும் அதாம் எல்லாத்தையும் சொல்லிக் குடுத்துக் கூட்டியாந்தேன். நல்லாச் சொல்லுவாருன்னு பாத்தா, வெரல மட்டுஞ் சொல்லிப்போட்டு நின்னுட்டாரு."

உன் அண்ணன் பெட்டிமேலேயே உட்கார்ந்துவிட்டார். துண்டால் முகத்தைத் துடைத்தார், வெகு நேரம் துடைத்தார். பிறகு உன்னைப் பார்க்காமலே சொன்னார்: "மாப்ளைக்கு இன்னுங் கொஞ்சம் சோறு போடு அம்மிணி. பாதி வயிறுதான் சாப்புட்டாரு."

நான் அதன்பிறகு கப்பலேறவில்லை. ஏரிக்குப் பக்கத்தில் ஒரு ஓட்டலில் சமையலுக்குச் சேர்ந்தேன், அங்கேயே முடி நரைத்தது. நான் திரும்பி வந்த முதல் வாரத்தில் ஒருநாள் மத்தியானம், களத்தில் காயும் காப்பியை நீ காலால் கிளறிவிட்டுக்கொண்டிருந்தாய். எனக்கு உன்னிடம் ஒன்று கேட்க வேண்டியிருந்தது. வேறு எத்தனையோ சொல்லியிருக்கலாம். உடம்பு சரியில்லை, ஆசுபத்திரியில் இருக்கிறார் என்று ஒரே பொய்யைச் சொல்லியிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். எதற்கு என்னை இத்தனை நாட்டுக்கு அலைய விட்டாய் என்று கேட்டேன். நீ கிளறுவதை நிறுத்தவில்லை.

"ஒரே எடத்துல இருக்கறீங்கன்னு நெனைக்க எனக்குப் பயமா இருந்துச்சுங்க. நடந்துட்டே இருந்தாத்தான் உசுரோட இருக்கறீங்கன்னு தோணும். நின்னுட்டீங்கன்னா முடிஞ்சு போச்சுன்னு இருக்கும். அதனால ஒரு ஊருல உங்கள நொம்ப நாளு நிக்க உடல. குளிருமேன்னு பாவமாத்தான் இருந்துச்சு, அதுக்குத்தான் அந்தக் கெழவிய வெந்நி வெக்கச் சொன்னேன்."

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அழுதேன் என்று நீ பிறகு எல்லாரிடமும் சொல்லித் திரிந்தாய். ஆமாம், அழுதேன்.

பொய் வெளிப்பட்ட பிறகும் உன் கூட்டாளிகள் உன்னை விடவில்லை. அடுத்த பறிப்பில் நீ போர்த்துகல் ஆரம்பித்தாய். நான் ஓட்டலில் இட்லி ஊற்றிக்கொண்டிருக்கும்போது மலைக்கு அந்தப் பக்கம் நான் போர்த்துகலில் ஒரு மாட்டுவண்டியில் போய்க்கொண்டிருந்தேன். வேலை முடிந்து வந்து, "இன்னைக்கு எங்க புள்ள இருக்கறேன்?" என்று கேட்பேன். "கெளம்பியாச்சுங்க, பாலம் தாண்டீட்டீங்க" என்பாய். பாப்பா பெரியவளாகி, கல்யாணமாகிக் கீழே போன பிறகும் இது நடந்தது. கோபேயின் தெரு ஒன்றுகூட எனக்கு இன்று நினைவில்லை. நார்வேக் கிழவியின் முகம் நினைவிருக்கிறது. அவள் கைச் சூடு என் காலில் இருக்கிறது. யாராவது எந்த நாடு பிடித்தது என்று கேட்டால் நான் அதைத்தான் சொல்கிறேன்.

நீ போய், காப்பி இரண்டு முறை பூத்து முடிந்துவிட்டது. ஐப்பசி மழையில் மூச்சிரைப்பு வந்து, சேலம் ஆசுபத்திரிக்குப் போகலாம் என்று நான் சொன்னதற்கு, "அந்த பஸ் ஸ்டாண்ட நொம்பப் பாத்துட்டேனுங்க" என்று சிரித்தாய். கடைசிவரை நீ பார்த்த வெளியூர் அது ஒன்றுதான்.

நீ எனக்குச் செய்ததை இப்போது நான் உனக்குச் செய்து பார்க்கிறேன். உன் வாய் எனக்கு இல்லை. எனக்குத் தெரிந்தது துறைமுகங்கள் மட்டும். காலையில் அடுப்பு மூட்டும்போது உன்னை ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்கு அனுப்புகிறேன். சாந்தோஸில் இறங்கினாய், களத்தைப் பார்த்துக் கொட்டை சரியில்லை என்றாய். ஹாலந்தில் உனக்கு முழங்கால் வலித்தது, ஒரு கல்லில் உட்கார வைத்தேன், அதிக நேரம் விடாமல் எழுப்பிவிட்டேன். எகிப்தில் ஒருத்தியோடு வெங்காய விலையில் சண்டை போட்டாய். யாரிடமும் இதைச் சொல்வதில்லை. எழுபதை நெருங்குகிறவனுக்கு இது என்ன விளையாட்டு என்பார்கள். எனக்கு இது விளையாட்டாகவும் இல்லை, வேலையாக இருக்கிறது. அலுப்பான வேலை, புள்ள. ஒரு நாடு முடிந்தால் அடுத்ததை நினைக்க வேண்டும், உன்னைப் படகில் ஏற்ற வேண்டும், உன் தலையில் துணியைக் கட்டிவிட வேண்டும். ஒரு வருடம் நீ இதை எப்படிச் செய்தாய், அதுவும் கூடை சுமந்துகொண்டு, அண்ணனுக்குப் பதில் சொல்லிக்கொண்டு?

போன வாரம் எனக்குக் காய்ச்சல். சில நாள் எழுந்திருக்கவே இல்லை. ராசம்மாதான் கஞ்சி கொண்டுவந்து வைத்தாள். கண் தெளிந்த காலையில் திடீரென்று நினைவு வந்தது, உன்னை மொம்பாசாத் துறையில் விட்டிருந்தேன். வெயிலில், நிழல் ஒதுங்க ஒரு இடமில்லாத அந்தத் துறையில், இத்தனை நாளாக நீ அசையாமல் நின்றுகொண்டிருக்கிறாய். களத்தில் நீ சொன்ன பயம் எப்படி இருக்கும் என்று அப்போது தெரிந்தது. அடுப்பு மூட்டவில்லை, முகம் கழுவவில்லை. படுக்கையில் எழுந்து உட்கார்ந்து, முதல் வேலையாக உன்னை அங்கிருந்து நடக்க வைத்தேன்.